பட்டாளத்தார் வாழ்க்கையை எழுதிவைப்பது எப்படி

பட்டாளத்தில் இருந்த அப்பா மறைந்ததும், பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் கூடி உட்காரும்போதுதான் சிக்கல் தெரியவரும். அப்பா எந்த வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார்? "சீனாக்காரன் சண்டைக்கு முன்னாடி" என்பார் அத்தை. "இல்ல, நான் அப்ப அஞ்சாவது, அதுக்குப் பிறகுதான்" என்பார் சித்தப்பா. எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டால் வீடே சேர்ந்து "மெட்ராஸ்" என்று சொல்லும். படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்தால் ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப்படை என்று இருக்கும்.

ராணுவக் காகிதத்துக்கு அவரை நம்பரால் தெரியும். வீட்டுக்கு அவரை லீவால் தெரியும். இந்த இரண்டு நினைவையும் ஒரே தேதி வரிசையில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. அதற்கு 200 பக்கக் கணக்கு நோட்டு ஒன்று போதும். விரித்தால் இடது பக்கம் ராணுவம், வலது பக்கம் வீடு. ஒரு வருஷத்துக்கு ஒரு விரிப்பு. பிறந்த வருஷத்தில் தொடங்கி மறைந்த வருஷம் வரை முதலில் எண்ணை மட்டும் மேலே போட்டுவிடுங்கள். எழுதுவது எல்லாம் பென்சிலில். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு எழுத்து: டிஸ்சார்ஜ் புக் என்றால் 'டி', கடிதம் என்றால் 'க', ஆள் சொன்னது என்றால் அவர் பெயரின் முதல் எழுத்து. பிறகு இரண்டு தகவல் மோதும்போது எதை நம்புவது என்று முடிவு செய்ய இந்த ஓர எழுத்துதான் கைகொடுக்கும்.

பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

கறுப்பு டிரங்குப் பெட்டி பெரும்பாலான பட்டாளத்தார் வீட்டில் இன்னும் பரண்மேல் இருக்கும். இறக்கியவுடன் துடைக்காதீர்கள். மூடியை முதலில் படம் எடுங்கள். வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் என்று எழுதியிருப்பார்கள். ரேங்க் உயர்ந்தபோதும் யூனிட் மாறியபோதும் பழையதன்மேல் கறுப்பு அடித்துப் புதிதாக எழுதுவது வழக்கம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூடியின் மேல் படுக்கை வாட்டில் பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் பழைய எழுத்தின் மேடு நிழலாகத் தெரியும். 'ஹவ்' (ஹவில்தார்) என்பதற்குக் கீழே 'நாயக்', அதற்கும் கீழே வேறொரு பட்டாலியன் எண். காகிதமே இல்லாத வீட்டில்கூட இந்த மூடி ஒரு சர்வீஸ் ரெக்கார்டு.

உள்ளே இருப்பதை எடுத்த வரிசையிலேயே தரையில் பரப்பி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதக் கட்டின் நடுவில் சொருகியிருக்கும் ரயில் வாரண்ட் (ராணுவப் பயணச் சீட்டு) துண்டு, அது எந்தக் கடிதத்தோடு இருந்தது என்பதால்தான் பொருள் பெறுகிறது. கலைத்துவிட்டால் போச்சு.

தேட வேண்டிய முதல் காகிதம் டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த தேதி, சேர்ந்த இடம், விலகிய தேதி, விலகிய காரணம், படிப்பு, டிரேடு, பதக்கங்கள், உயரம், அங்க அடையாளம், நன்னடத்தை மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கும். "இடது புருவத்தில் தழும்பு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு, பாட்டியிடம் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால் பட்டாளத்துக்கு முந்திய பையன் ஒருவன் கிடைப்பான். அடுத்தது பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை. தகுதி சர்வீஸ் எத்தனை வருஷம், எந்த ரேங்க்கில் பென்ஷன், ஊன ஓய்வூதியம் உண்டா என்பது அதில் தெரியும்.

இந்தக் காகிதங்களில் வழக்கமாகத் தடுமாற வைக்கும் இடங்கள் சில. பிறந்த தேதி, ஆள் சேர்ப்பில் சொல்லப்பட்ட தேதியாக இருக்கும். ஜாதகத்தோடு ஒன்றிரண்டு வருஷம் இடிக்கும். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவிடுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றதை மறைக்காதீர்கள். பெயரில் இனிஷியல் விரிந்து தகப்பன் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். மாவட்டமும் குழப்பும். 'வட ஆற்காடு' என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கில் எதுவாகவும் இருக்கலாம். 1985-க்கு முந்திய 'ராமநாதபுரம்' இன்றைய சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம். தாலுகா பெயரைப் பிடித்துப் போவதுதான் சரி.

'ஜமேதார்' என்ற ரேங்க்கைப் பார்த்தால் அது 1965-க்கு முந்திய காகிதம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு அந்தப் பதவி நாயிப் சுபேதார் ஆகிவிட்டது. விலகிய தேதியைப் பார்த்து ராணுவக் கணக்கை முடித்தும்விடாதீர்கள். பழைய ஒப்பந்தத்தில் கலர் சர்வீஸ், அதாவது நேரடிப் படை வேலை, முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சில வருஷம் ரிசர்வில் பெயர் இருக்கும். போர் வந்தால் திரும்பக் கூப்பிடலாம். 1968-இல் ஊருக்கு வந்தவரிடம் 1971-ஆம் வருஷத்துப் பதக்கம் இருந்தால் அதை யாரிடமோ வாங்கி வைத்திருந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வருஷக் கடைசியில் அவர் எங்கே இருந்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

காகிதம் இல்லையென்றால்

ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும், சிக்னல்ஸ், மெடிக்கல் போன்ற ஒவ்வொரு கோருக்கும் தனி ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை எம்.இ.ஜி.க்குப் பெங்களூரு. ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. எந்த ஆபீஸ் என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே பதிவு செய்திருந்தால் நம்பரும் யூனிட்டும் அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும். நம்பர் இல்லாமல் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுவது வீண். ஒரே பெயரில் அவர்களிடம் நூறு பேர் இருப்பார்கள்.

கடிதத்தில் நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த வருஷம், விலகிய வருஷம், உங்கள் உறவு இவ்வளவையும் எழுதி இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பி.பி.ஓ. ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசல் எதையும் அனுப்பவே கூடாது. "எங்கள் தந்தையாரின் விவரங்கள் வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். தனித்தனியாகக் கேளுங்கள்: தேதியோடு எந்தெந்த யூனிட்டில் இருந்தார், எந்தெந்தப் பதக்கத்துக்கு உரியவர், என்னென்ன கோர்ஸ் முடித்தார், குடும்பம் பற்றி யூனிட் ஆணையில் ஏறிய 'பார்ட் டூ ஆர்டர்' பதிவுகள் என்ன. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அதே கேள்விகளை அனுப்பலாம். அதற்கு 30 நாள் கெடு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது நடைமுறை. அதனால் 1960-களில் நாலைந்து வருஷம் மட்டும் இருந்துவிட்டு வந்தவருக்கு ரெக்கார்ட்ஸை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

அந்தப் பார்ட் டூ ஆர்டர் குடும்பத்துக்குப் புதையல். கல்யாணம், குழந்தை பிறப்பு, குடும்பத்தில் இறப்பு எல்லாம் யூனிட் ஆணையில் தேதியோடு ஏறியிருக்கும். பெற்றோர், உடன்பிறந்தார் விவரம் கிண்ட்ரெட் ரோலில் இருக்கும். ஒரு தாத்தாவின் முதல் குழந்தை மூன்று மாதத்தில் தவறிப்போனது ஊரில் எந்தப் பதிவிலும் இல்லாமல், ராணுவத்தின் ஒரு தட்டச்சுக் காகிதத்தில் மட்டும் இருக்கக்கூடும். அதைப் புத்தகத்தில் போடலாமா என்று பாட்டியைக் கேட்காமல் போடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தவர் என்றால் ஒரு எச்சரிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்தவர்கள் மட்டுமே உண்டு. அந்தப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள். பிழைத்து ஊர் திரும்பியவரை அங்கே தேடிக் காணோம் என்று கலங்க வேண்டாம். அவருடைய கூட்டாளிகள் அங்கே இருப்பார்கள். ரங்கூன் பக்கம் தாவ்க்யானில் உள்ள நினைவகத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள். மலேயாவில் பிடிபட்டு நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர், அல்லது அங்கே தோட்டத்திலிருந்து நேராக ஐ.என்.ஏ.வுக்குப் போனவர் என்றால் பாதையே வேறு. தியாகி பென்ஷன் விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட இருந்தவர்கள் கொடுத்த சான்றுகள் அதோடு இணைந்திருக்கும்.

பதக்கம் என்ன சொல்கிறது

அதிகமான தப்பு நடப்பது இங்கேதான். மார்பில் ஆறு பதக்கம் இருந்தால் ஆறு போர் என்று ஃபிளெக்ஸ் அடித்துவிடுகிறார்கள்.

1965 போருக்கு இரண்டு உண்டு. சமர் சேவா ஸ்டார் போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு. ரக்ஷா மெடல் அப்போது படையில் 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. 1971-க்கும் அப்படியே. பூர்வி ஸ்டார் கிழக்கே, அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம். பஷ்சிமி ஸ்டார் மேற்கே பாகிஸ்தான் எல்லைப் பக்கம். சங்கிராம் மெடல் பொது. ஆகவே சங்கிராம் மெடல் மட்டும் இருந்தால் அவர் எல்லையில் துப்பாக்கி பிடித்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பூர்வி ஸ்டாரும் கூட இருந்தால் கிழக்கே போயிருக்கிறார். 1947–48 காஷ்மீர்ச் சண்டைக்கு ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947, ரிப்பனில் 'ஜம்மு-காஷ்மீர்' பட்டையோடு. 1962 சீனச் சண்டைக்கென்று தனி ஸ்டார் கிடையாது. அதே ஜெனரல் சர்வீஸ் மெடலில் 'லடாக் 1962' போன்ற பட்டையைப் பாருங்கள். இவை போக 9 வருஷம், 20 வருஷம் நீண்ட சேவைக்கு, சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்கு, 50-ஆம் ஆண்டுக்கு என்று வருபவை காலத்துக்குரியவை. அவற்றிலும் பெருமை உண்டு. பெயரை மாற்றி 'வீரப்பதக்கம்' என்று எழுதும்போதுதான் மரியாதை கெடுகிறது. கூட்டத்தில் இன்னொரு முன்னாள் படைவீரர் இருப்பார். ரிப்பன் நிறத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட் பொறித்திருப்பது வழக்கம். அந்த ரேங்க் பதக்கம் கொடுக்கப்பட்ட காலத்து ரேங்க், ஓய்வு பெற்றபோது இருந்தது அல்ல. புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் பதக்கத்தைத் தேய்த்துவைத்திருக்கும் வீடுகள் உண்டு. பிராஸோ பாலிஷும் கூடாது. நாலு தீபாவளிக்குத் தேய்த்தால் விளிம்பெழுத்து மழுங்கிவிடும். காய்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும். ரிப்பனைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், சாயம் ஓடும். சட்டம் போடும்போது ஃபெவிகால், பசைத் துப்பாக்கி எதுவும் வேண்டாம்; பருத்தித் துணி ஒட்டிய அட்டையில் ரிப்பனை நூலால் தைக்கச் சொல்லுங்கள். வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். தொலைந்த பதக்கத்துக்குப் பதில் ஆன்லைனில் ஒன்றை வாங்கி நடுவில் வைத்தால், அது நகல் என்று பின்னட்டையில் எழுதிவைப்பது நியாயம்.

படமும் கடிதமும்

பழைய குரூப் போட்டோவை 600 டி.பி.ஐ.யில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். பதான்கோட் என்றோ தேஜ்பூர் என்றோ இருந்தால் போஸ்டிங் கிடைத்துவிட்டது. முன்பக்கத்தில் கைப்பட்டை: ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தொப்பி பேட்ஜில் குறுக்கு வாளோடு யானை என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட். தோளில் இருக்கும் சின்னம் டிவிஷனுடையது. சிவப்புக் கழுகு 4-ஆவது டிவிஷன், கறுப்புப் பூனை 17-ஆவது. பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு வைத்தே மேலிருந்து எடுங்கள்.

கடிதத்தில் முகவரி 'மார்ஃபத் 56 ஏ.பி.ஓ.', அதாவது 56-ஆம் ராணுவத் தபால் நிலையம் வழியாக, என்று இருக்கும். அது ஊர் அல்ல. இருக்குமிடம் தெரியக்கூடாது என்றே வைத்த முறை. ஆனாலும் திசை சொல்லும். 56 என்றால் டில்லி வழியாகப் போகிற தபால், 99 என்றால் கொல்கத்தா வழியாக, அதாவது வடகிழக்குப் பக்கம். 1962-லிருந்து 1964 வரை வந்த கடிதங்களில் 56, 99 ஆக மாறிய மாதத்தைக் கண்டுபிடித்தால் நோட்டின் இடது பக்கத்தில் ஒரு வரி நிரம்பிவிடும். தபால் முத்திரைத் தேதியையும் கடிதத்துக்குள் அவர் போட்ட தேதியையும் தனித்தனியாகக் குறியுங்கள். இடைவெளி கூடக் கூட அவர் ரோடில்லாத இடத்தில் இருந்திருக்கிறார்.

மணியார்டர் கூப்பன்களைத் தள்ளிவிடாதீர்கள். தொகைக்குக் கீழே நாலு வரி எழுத இடம் இருக்கும். அந்த நாலு வரியில்தான் 'மூத்தவனுக்குச் செருப்பு, மிச்சத்தை மாடு வாங்கினதுக்குக் கட்டவும்' என்பது போன்ற குடும்பமே இருக்கிறது. இருபது கூப்பனைத் தேதி வரிசையில் அடுக்கினால் சம்பள உயர்வு, கடன், தங்கையின் கல்யாணம் மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். புத்தகத்தில் வீரத்தைப் பற்றிய ஒரு பக்கத்தைக் குறைத்தாவது ஒரு கூப்பனை முழு அளவில் அச்சிடுங்கள்.

ஆள் இருக்கும்போதே கேட்பது

இருக்கும்போதே கேட்டுவைப்பதுதான் உத்தமம். காலையில், டீக்குப் பிறகு, 40 நிமிஷம். அதற்குமேல் இழுத்தால் மறுநாள் உட்கார மாட்டார். போனை மேசைமேல் துண்டு விரித்து வையுங்கள், வெறும் மரத்தில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் பேச்சை முழுங்கும். ஃபேனை நிறுத்துங்கள். அருகில் ஒரு ஆள் போதும். பேரப்பிள்ளைகள் எட்டுப் பேர் சூழ்ந்தால் அவர் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்; உங்களுக்கு வேண்டியது நடந்தது.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பது கேட்கக்கூடாத கேள்வி. கூச்சமில்லாமல் அதைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. லங்கரில் (படைச் சமையற்கூடம்) என்ன போட்டார்கள், அரிசிச் சோறு கிடைத்ததா ரொட்டியா, பயிற்சி சென்டரில் உஸ்தாத் (பயிற்சியாளர்) பெயர் என்ன, உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்கு வீட்டிலிருந்து யார் வந்தார்கள், முதல் லீவில் வரும்போது என்ன வாங்கிவந்தீர்கள், குளிருக்கு எத்தனை கம்பளி, பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர் என்று கேளுங்கள். இந்தி தெரியாமல் வடக்கே போன பையன் முதலில் கற்றுக்கொண்ட சொல் எது என்பது எல்லாரையும் பேசவைக்கும் கேள்வி. பக்கத்துக் கட்டில்காரரிடமிருந்து பேச்சு தானாகவே போருக்குப் போகும், போகாமலும் இருக்கும். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு வேறொரு நாள் வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். கை நடுங்கினாலோ அன்றிரவு தூங்கவில்லை என்று வீட்டில் சொன்னாலோ அந்தப் பக்கமே திரும்பப் போகவேண்டாம்.

'பிட்டூ', 'கோத்', 'பல்டன்', 'ஃபாலின்' என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். முதுகுப்பை, ஆயுதக்கிடங்கு, படைப்பிரிவு, அணிவகுப்பு என்று தமிழாக்கிவிட்டால் அவர் குரல் போய்விடும். பொருளைப் பின்னால் ஒரு பக்கத்தில் கொடுத்துக்கொள்ளலாம்.

1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர் என்றால் தமிழ்க் குடும்பத்தில் இது எளிய பேச்சு அல்ல. 1990 மார்ச்சில் திரும்பியவர்களில் பலர் ஊரில் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அவர் பார்த்ததை அவர் வார்த்தையில், எந்த ஊர், எந்த மாதம் என்ற அளவோடு எழுதுங்கள். நியாயம் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு அவர் வாயில் வசனம் வைக்காதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த வருஷத்து விரிப்பில் தேதி மட்டும் இருக்கட்டும்.

சமையல்காரராக, டிரைவராக, கிளார்க்காக, சலவைக்காரராக இருந்தவர் "நான் என்ன சண்டையா போட்டேன்" என்று ஒதுங்குவார். லாரியில் பனிச்சரிவு ரோட்டில் ரேஷன் ஏற்றியவரின் வேலையை அடி அடியாகக் கேட்டு எழுதுங்கள். டயருக்குச் சங்கிலி எப்படிக் கட்டினார், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், டீசல் உறைந்தால் என்ன செய்தார். இதெல்லாம் எந்த யூனிட் சரித்திரத்திலும் கிடைக்காது.

வலது பக்கம்

இப்போது நோட்டைப் பார்த்தால் இடது பக்கம் நிரம்பியிருக்கும், வலது பக்கம் காலியாக இருக்கும். பெரும்பாலான நினைவுப் புத்தகங்கள் இந்த நிலையிலேயே அச்சுக்குப் போய்விடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 வயதில் சேர்ந்து 17 வருஷம் சர்வீஸ் செய்த சிப்பாய் 35 வயதில் ஊருக்கு வந்துவிடுகிறார். 1971 போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் டாக்கா சரணடைந்தது, இரண்டு வாரம். அதன் பிறகு நாற்பது வருஷம் அவர் அப்பாவாக, மாமனாராக, வங்கி வாசலில் காவலராக, ராணுவ இடங்களைக் காக்கும் டி.எஸ்.சி. படையில் இரண்டாவது சர்வீஸ் பார்த்தவராக, மோட்டார் போட்டு நெல் நட்டவராக இருந்திருக்கிறார். 32 பக்கப் புத்தகம் என்றால் போருக்கு மூன்று பக்கம், மற்ற ராணுவ வாழ்க்கைக்கு எட்டு, மிச்சம் வீட்டுக்கு. படிப்பவர்களும் அதைத்தான் தேடிப் புரட்டுவார்கள்.

வலது பக்கத்தை நிரப்பும் சாட்சி அம்மாதான். அவரை "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "அவர் இல்லாத வருஷம் யார் ரேஷனுக்குப் போனது, காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடினது, கடிதம் யார் படித்துச் சொன்னது" என்று கேளுங்கள். மாமியார் வீட்டில் எத்தனை வருஷம், எல்லையில் இல்லாத 'பீஸ் ஸ்டேஷனில்' ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்துக் கூடப் போனது எத்தனை வருஷம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் வருஷங்களுக்கு மிகச் சரியான ஆதாரம் பிள்ளைகளின் கேந்திரிய வித்யாலயா டி.சி. சேர்ந்த தேதி, விட்ட தேதி, ஊர் மூன்றும் அதில் இருக்கும். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றும் அப்படியே. வருஷ லீவு இரண்டு மாதம். பிள்ளைகளின் பிறந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் அப்பா எப்போது ஊரில் இருந்தார் என்பது வெளிப்படும். சிரித்துக்கொண்டே செய்யவேண்டிய கணக்கு, ஆனால் பொங்கல் லீவா சித்திரைத் திருவிழா லீவா என்பதை இதைப்போல் வேறெதுவும் காட்டாது.

பழக்கங்களை எழுதும்போது "ஒழுக்கமானவர், கண்டிப்பானவர்" என்று எழுதி ஓய்ந்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் கிட்டப்போய்க் காட்டுங்கள். போர்வையை நாலு மூலையும் ஒன்றுமேல் ஒன்று உட்காரும்படி மடித்துத் தலையணைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் பல் விளக்கப் போவார் என்றால், அந்த அழுத்தலை எழுதுங்கள். கேன்டீன் கோட்டா ரம் எழுத வேண்டியதா என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். குடி குடும்பத்தைப் பாதித்திருந்தால், அதை ஒரு வரியில் உள்ளபடி சொல்லலாம், அல்லது சொல்லாமல் விடலாம். "அளவோடு அருந்தும் பண்பாளர்" என்று பொய்யாகப் பூசுவதை அதை அனுபவித்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

அச்சுக்குப் போகும்போது

ரேங்க்கைப் பெயருக்கு முன்னும் '(ஓய்வு)' என்பதைப் பின்னும் போடுங்கள். ஓய்வு பெறும்போது கௌரவ ரேங்க் கொடுத்திருந்தால் 'ஆனரரி' என்ற சொல் கட்டாயம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் நல்லெண்ணத்தில் நாயக்கின் தலைக்கு ஜெனரல் தொப்பியை ஒட்டிக் கொடுப்பார். கம்ப்யூட்டரில் தயாராக இருப்பது அது ஒன்றுதான். மங்கலாக இருந்தாலும் அவருடைய உண்மையான படத்தையே கொடுங்கள். உடல்மேல் தேசியக்கொடி போர்த்துவது அரசு அல்லது ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டுமே. வீட்டார் தாமாகச் செய்யக்கூடாது. முறைப்படி போர்த்தினால் காவி தலைப்பக்கம். கொடியை எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது. இன்னும் சர்வீஸில் இருக்கும் மகனோ பேரனோ இருந்தால் அவருடைய இப்போதைய யூனிட், இடம் இரண்டும் புத்தகத்தில் வேண்டாம். ஆதார், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு தெரியும் பக்கத்தை ஆவணப் படமாக அச்சிடாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவைத்தான் மோசடிக்காரர்கள் முதலில் கூப்பிடுவார்கள்.

பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும்: 24, 28, 32. 'ஏ5' அளவு போதும், நடுவில் பின் அடித்தால் செலவு குறைவு. 150 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்குமேல் ஆஃப்செட் விலை கேட்டுப் பாருங்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பதை அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்தில் 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்புகள், கோடுகள் உடையும். 'ரக்ஷா', 'பஷ்சிமி' போன்ற சொற்களையும் வருஷங்களையும் தனியாக ஒருமுறை காகிதத்தில் எடுத்துத் திருத்துங்கள். ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிக்க, மற்றவர் புரூஃபில் விரல் வைத்துச் சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலை. 1965, 1956 ஆகி அச்சாகிவிட்டால் வெள்ளைத் தாள் ஒட்டித் திருத்துவது மூன்று நாள் வேலை.

பதினாறாம் நாளுக்குள் எல்லாம் முடியாது. அன்றைக்கு ஒரு படமும் எட்டுப் பக்கமும் போதும். முழுப் புத்தகத்தை வருஷத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கிடைக்கும் பதினோரு மாதத்தில் ரெக்கார்ட்ஸ் பதிலும் வந்துவிடும், வெளியூரில் இருக்கும் பழைய கூட்டாளிகளின் போன் நம்பரும் கிடைத்துவிடும். அச்சானதும் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஒன்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று. பென்சில் நோட்டையும் ஸ்கேன் செய்த பென்டிரைவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டாமல் — இலை ஈரம் காகிதத்தைக் கறைப்படுத்தும் — காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, அதே டிரங்குப் பெட்டியில் வையுங்கள். பென்டிரைவ் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடலாம், அதனால் அதன் நகல் வெவ்வேறு வீடுகளில் இரண்டு இருக்கட்டும். மூடிக்கு மேலே புதிதாகப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.